கேஸை மூடினோமா?

[காட்சி: பூட்டிய கதவு. படியில் இறங்கிய கால் நிற்கிறது.]

வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு படி இறங்கினதும் 'கேஸை மூடினோமா?'ன்னு ஒரு கேள்வி. பலரும் ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்ப்போம், அதோட மறந்துடுவோம். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநலக் கோளாறு இருக்கிறவங்க அஞ்சு தடவை பார்த்தாலும் கேள்வி அப்படியே நிக்கும்.

ஏன்?

[காட்சி: கம்ப்யூட்டர் திரையில் கேஸ் அடுப்பு]

2003-ல வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு. ஓசிடி இல்லாத மாணவர்களை, திரையில தெரியுற அடுப்பை 20 தடவை சரிபார்க்கச் சொன்னாங்க. கடைசியா எந்த பர்னர்களைப் பார்த்தீங்கன்னு கேட்டா, பெரும்பாலும் சரியாத்தான் சொன்னாங்க. ஆனா காட்சி மங்கிடுச்சு, தங்க ஞாபகத்தையே நம்ப முடியலை. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளருது.

பதற்றக் கோளாறிலயும் இதே சுழல்தான். மகள் போன் எடுக்கலைன்னா பத்து நிமிஷத்துல ஏழு கால். லேசான தலைவலிக்கு ராத்திரி முழுக்க கூகுள். 'ஒண்ணும் ஆகாதுன்னு நூத்துக்கு நூறு தெரிஞ்சாகணும்'கிற தவிப்பு ரெண்டுலயும் இருக்கு.

ஓசிடியில இன்னொண்ணும் சேரும். கைக்குழந்தையைத் தூக்கி வச்சிருக்கிற அம்மாவுக்கு, 'கீழே போட்டுட்டா?'ன்னு ஒரு எண்ணம். 'இப்படி நினைச்ச நான் எவ்வளவு மோசம்'னு துடிச்சுப் போயிடுவாங்க. இலங்கையில பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ராக்மனும் 1978-லயே காட்டிட்டாங்க: நோய் இல்லாதவங்களுக்கும் இந்த மாதிரி எண்ணங்கள் வரும். அந்த அம்மா குழந்தைக்கு ஆபத்தானவங்க இல்லை. இதைத் தயவுசெய்து அவங்ககிட்ட சொல்லுங்க.

சிகிச்சைக்கு வருவோம். சிகிச்சையாளரோட திட்டம் போட்டு, ஒரே ஒரு தடவை கவனிச்சு ரெகுலேட்டரை மூடணும், பூட்டணும், கிளம்பணும். பதற்றம் ஏறும். ஏறட்டும். திரும்பிப் போகாம தாக்குப் பிடிக்கிறதுதான் பயிற்சி.

பலரும் சறுக்குற இடம் இது: திரும்பிப் போக மாட்டாங்க, ஆனா அடுப்பை போட்டோ எடுத்து வச்சுப்பாங்க. இல்லேன்னா மனசுக்குள்ள ஓட்டிப் பார்ப்பாங்க. இல்லேன்னா, "ஏங்க, மூடிட்டேன்ல?" மூணும் சரிபார்க்கிறதுதான்.

"மூடிட்டம்மா"ன்னு வீட்டுக்காரர் அன்பா சொல்ற பதில் அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது. முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு, "இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணோம்ல, கஷ்டமா இருக்குன்னு தெரியுது, வா, நடப்போம்"னு சொல்லலாம்.

இது தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல விழுங்குதுன்னா, மனநல மருத்துவரைப் பாருங்க. இந்தியாவுல இருக்கிறவங்க அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். இலவசம், தமிழ்லயே பேசலாம்.