காட்டுத்தீக்குப் பிறகு: முதல் மழைக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

[திரை: கருகிய மலைச்சரிவு, அடிவாரத்தில் வீடுகள்]

தீ அணைந்த ஊருக்கு முதலில் வந்து இறங்குபவை மரக்கன்றுகளும் பழைய துணி மூட்டைகளும்தான். அந்த நேரத்தில் இரண்டுமே இடைஞ்சல். கன்று நட அடுத்த பருவம் இருக்கிறது. கனமழையிடம் தவணை கேட்க முடியாது. ஆகவே சாம்பல், குடிநீர், சரிவு என்ற வரிசையில் போவோம்.

[திரை: முகக்கவசம், கையுறை]

எரிந்த வீட்டின் சாம்பலில் ஈயம், ஆர்சனிக் கலந்திருக்கலாம்; பழைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இழையும் இருக்கலாம். எதையும் நகர்த்தும் முன் அறை அறையாகப் படம் எடுங்கள். காப்பீட்டுக்கு அதுதான் சான்று. என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்து, லேசாக நீர் தெளித்து அள்ளுங்கள். வீட்டு வாக்யூம் கிளீனர் வேண்டாம். நுண்தூளை மறுபடி காற்றில் ஏற்றிவிடும். ஹோஸ் பிடித்துக் கழுவித் தள்ளினால் நஞ்சு வடிகால் வழியே ஓடையில் சேரும். ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இருந்தால் பயிற்சி பெற்றவர்கள் வரும்வரை கை வைக்காதீர்கள்.

[திரை: குழாயின் வெட்டுத் தோற்றம்]

குடிநீரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வீடுகள் எரியும்போது இணைப்புக் குழாய்கள் உடைந்து நீர் கொட்டும், தீயணைப்புக்கும் நீர் போகும், அழுத்தம் விழும். அப்போது புகை குழாய்க்குள் இழுபடும். சூட்டில் சிதையும் பிளாஸ்டிக் குழாயே பென்சீன் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருளையும் வெளிவிடும். கலிபோர்னியாவில் 2017 தீக்குப் பின் சாண்டா ரோசாவிலும், 2018 தீக்குப் பின் பாரடைஸிலும் குழாய்நீரில் பென்சீன் அகப்பட்டது. அமெரிக்க மத்திய அரசின் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்.

காய்ச்சிக் குடிக்கலாமே என்பார்கள். கூடாது. பென்சீன் ஆவியாகி, நீங்கள் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். கிருமிப் பரிசோதனையும் இதைக் காட்டாது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனை என்று ஆய்வகத்தில் கேட்டு வாங்க வேண்டும். குழாயை 72 மணி நேரம் திறக்காமல் வைத்து, முதலில் வரும் நீரைப் பிடியுங்கள். குப்பி விளிம்புவரை நிறைய வேண்டும், ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்தால் முடிவு சுத்தமாகவே வரும். பிளாஸ்டிக்கில் ஊறியது மெதுவாகத்தான் கசியும். தெருக்குழாய் தேறிவிட்டது என்பதால் உங்கள் வீட்டு இணைப்பும் தேறியதாகாது.

[திரை: மண்ணில் உருண்டு நிற்கும் நீர்த்துளி]

இனி சரிவு. இலைதழை எரியும்போது எழும் மெழுகுப் பொருள்கள் மண்ணுக்குள் இறங்கிக் குளிர்ந்து, நீரை ஏற்காத அடுக்காகப் படிகின்றன. சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்ணில் சில துளிகள் விடுங்கள். 2, 3 சென்டிமீட்டர் ஆழத்திலும் பாருங்கள். 40 நொடி கடந்தும் துளி அப்படியே உருண்டு நின்றால் நிலைமை கடுமை. மழை உள்ளே இறங்காது, சேற்றையும் பாறையையும் அள்ளிக்கொண்டு கீழே வரும். கலிபோர்னியாவின் மாண்டெசிட்டோவில் 2018 ஜனவரி 9 அன்று 23 பேரைக் கொன்ற சேற்றுப் பெருக்கு, மேலே பற்றிய தீ முழுதாகக் கட்டுக்குள் வரும் முன்பே வந்தது.

களைவிதை இல்லாத வைக்கோலை ஏக்கருக்கு ஒரு டன் அளவில் பரப்புங்கள். தரையில் 60, 70 சதவீதம் மூடினால் போதும். தடிமனாகப் போட்டால் முளைப்பது மூச்சுத் திணறும். வைக்கோல் உருளைகளை (வலைக்குள் வைக்கோல் திணித்த நீண்ட குழல்கள்) சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 5 முதல் 8 சென்டிமீட்டர் பள்ளம் வெட்டிப் பதித்து, முளை அடித்து, மேல்பக்கம் மண் அணைத்து மிதியுங்கள். பள்ளம் வெட்டாமல் வைத்தால் நீர் அடியில் புகுந்து போகும். மட்டம் தவறினால் தாழ்ந்த முனையில் நீர் சேர்ந்து புது ஓடையே வெட்டிவிடும். முனைகளை மேல்நோக்கி வளைத்துவிடுங்கள். ஓடைப் பாதையில் உருளை வைப்பது வீண்வேலை. மேல் நிலத்துக்காரர் ஊரில் இல்லையென்றால் தொலைபேசியிலாவது இசைவு வாங்குங்கள். கீழ்வீட்டுக்காரர் தன் மனையில் மட்டும் செய்வது பெரிதாக உதவாது. இவ்வளவுக்குப் பிறகும் வானிலை எச்சரிக்கை வந்தால் வெளியேறத்தான் வேண்டும். சேற்றுப் பெருக்கை வைக்கோல் தடுக்காது.

[திரை: புதிய வீட்டின் மாதிரி]

கட்டும்போது கவனிக்க வேண்டியது, பறந்து வரும் தீப்பொறி. காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை. சுவரைச் சுற்றி 1.5 மீட்டருக்குச் செடி, மரத்தூள், விறகு எதுவும் கூடாது, ஜல்லி போடுங்கள். மர வேலி சுவரைத் தொட்டால் தீயை வீட்டுக்குக் கொண்டுவரும் திரி அதுவே, சுவரையொட்டிய 1.5 மீட்டரையாவது இரும்பாக மாற்றிவிடுங்கள்.