ஆளில்லாத் தீவு

அவையோர்க்கு வணக்கம்.

கன்னியாகுமரியில் நின்று தெற்கே பார்த்தால் கடல்தான் தெரியும். சுமார் 1,800 கிலோமீட்டர் போனால், நடுக்கடலில் 12,000 அடி நீளத்தில் ஓர் ஓடுபாதை கிடக்கிறது. அதுதான் டியேகோ கார்சியா. தீவு தன்னுடையது என்கிறது பிரிட்டன். அங்குள்ள இராணுவத் தளத்தில் கோலோச்சுவது அமெரிக்கா. 1991இல் ஈராக்கிலும் 2001இல் ஆப்கானிஸ்தானிலும் குண்டு வீசிய பி-52 விமானங்கள் இங்கிருந்தும் கிளம்பின. மேலிருந்து பார்த்தால் தீவு ஒரு பாதச்சுவடு போலிருக்கும். அதனால் தளத்துக்குச் செல்லப்பெயர், 'சுதந்திரத்தின் காலடி'. யாருடைய சுதந்திரம் என்பதைத்தான் பேச வந்தேன்.

மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, டியேகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை அதிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டது பிரிட்டன். கொடுத்த விலை 30 லட்சம் பவுண்டு. மறு ஆண்டு, 1966இல், தளத்துக்காக அமெரிக்காவுடன் ஒப்பந்தம். வாடகை கிடையாது. பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி, அதுவும் கமுக்கமாக!

அமெரிக்கா கேட்டது ஆளில்லாத் தீவு. அங்கோ ஆட்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின், இந்தியக் கூலிகளின் வழிவந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்பில் கொப்பரை போட்டுப் பிழைத்தவர்கள். இலண்டன் அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இவர்களை ஒப்பந்தத்துக்கு வந்து போகும் கூலிகள் என்று காகிதத்தில் எழுதினார்கள். காகிதத்தில் ஆள் இல்லை என்றாகிவிட்டால், பிறகு கப்பல்தானே பாக்கி?

1971இல் முதலில் நாய்களைப் பிடித்தார்கள். நஞ்சு வைத்தும் சுட்டும் தீரவில்லை. கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, இராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டார்கள். வளர்த்த நாய்களுக்கு நேர்ந்ததைப் பார்த்த மக்களுக்கு அடுத்து யார் என்று சொல்லவா வேண்டும்? 1973க்குள் எல்லாத் தீவுகளும் காலி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள்.

2021 அக்டோபரில் அந்த 'ஆளில்லாத்' தீவுக்கு நம்மவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கனடா நோக்கிப் போன இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி அங்கே ஒதுங்கியது. வேலி போட்ட கூடாரங்களில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார்கள், குழந்தைகளும்தான். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது.

2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. தளத்துக்கு 99 ஆண்டு குத்தகை. மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாமாம். டியேகோ கார்சியாவில் மட்டும் கூடாது.