சந்தேகங்களுக்கு விளக்கம்: கோரிட்சியா கோட்டை ஒரிஜினலா?

சரி, அடுத்த கேள்வி. இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரே குஷி. ஒரு அம்மா எழுதியிருக்காங்க. மகன் ஜெர்மனியில வேலை பார்க்கிறாராம். குடும்பத்தோட கார்ல வெனிஸ் போயிட்டு வர்ற வழியில, நம்ம 'எல்லை ஊர்கள்' வீடியோ வரிசையில நான் பேசினேனே கோரிட்சியா, இத்தாலியில ஸ்லோவேனியா எல்லையை ஒட்டின ஊர், அங்கயும் ஒரு எட்டு போயிருக்காங்க. டிக்கெட் எடுத்து மலைக்கோட்டைக்குள்ள நுழைஞ்சா, பேரன் சொல்றானாம்: "பாட்டி, இது பழசே இல்ல. கல்லு எல்லாம் புதுசு. நம்மளை ஏமாத்தறாங்க." அம்மா கேக்கறாங்க, "ஐயா, அது நிஜமாவே இடைக்காலக் கோட்டைதானா, இல்ல பையன் சொல்றது சரியா?"

பையன் சொல்றது முக்காவாசி சரிம்மா. ஏமாத்தறாங்கங்கறது மட்டும் கொஞ்சம் அதிகம்.

நான் வழக்கமா சொல்றதுதான், ரெகுலரா பாக்கறவங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். யாராவது ஒன்னைக் காட்டி "இது பழசு"ன்னா, எந்த வருஷத்துப் பழசுன்னு திருப்பிக் கேளுங்க. இந்தக் கோட்டைகிட்ட அதைக் கேட்டீங்கன்னா, அது 1937-ன்னு பதில் சொல்லும்.

எப்படின்னா, ஊர் பழைய ஊர்தான், அதுல சந்தேகம் வேண்டாம். 1001-ல பேரரசர் மூணாம் ஒட்டோ கொடுத்த சாசனத்துலயே பேரு வருது. அப்புறம் கோரிட்சியா பிரபுக்கள்னு ஒரு வம்சம். அந்தக் குன்று மேல உக்காந்துகிட்டு, ஒரு காலத்துல ஆல்ப்ஸ் மலையில இருக்கிற தீரோல் வரைக்கும் கை நீட்டினவங்க. கடைசிப் பிரபு லியோன்ஹார்டு, 1500-ல வாரிசு இல்லாம செத்துப்போறார். அதுவும் இந்த ஊர்ல இல்ல, மலைக்கு அந்தப் பக்கம், இன்னைக்கு ஆஸ்திரியாவுல இருக்கிற லியன்ஸ்ல. சொத்து ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போயிடுது. நடுவுல 1508-ல வெனிஸ்காரங்க வந்து புடிச்சாங்க, 1509-லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. இந்த வெனிஸ் சமாச்சாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

அதுக்கப்புறம் நானூறு வருஷம் ஆஸ்திரியாதான். அந்த நானூறு வருஷத்துல கோட்டை கோட்டையாவே இல்ல. பீரங்கி வந்தப்புறம் உயரமான கோபுரத்தால என்ன பிரயோஜனம்? நடு முற்றத்துல இருந்த பெரிய கோபுரம் போயிடுச்சு, இன்னைக்கு அஸ்திவாரத்தை மட்டும்தான் தரையில பாக்கலாம். மிச்சக் கட்டடம் பட்டாளத்துக்காரங்க தங்கறதுக்கும் ஜெயிலுக்கும் ஆச்சு. முதல் உலகப்போருக்கு முந்தின ஃபோட்டோக்களைத் தேடிப் பாருங்க. சுண்ணாம்புப் பூச்சு பூசி, வெள்ளை வெளேர்னு, பெரிய சர்க்கார் ஆபீஸ் மாதிரி நிக்கும். நீங்க பார்த்த கல்லுக் கோட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

அப்புறம் போர். இசோன்சோ ஆத்தங்கரையில இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் பன்னெண்டு சண்டை நடந்ததுன்னு கோரிட்சியா வீடியோவுலயே விரிவாப் பேசிட்டோம், அதனால திரும்ப இழுக்கல. 1916 ஆகஸ்டுல ஆறாவது சண்டையில இத்தாலி ஊரைப் புடிச்சுது, அடுத்த வருஷம் அக்டோபர்ல கப்போரெட்டோ சண்டையில தோத்தப்புறம் பறிகொடுத்துது. இந்த இழுபறியில குண்டு விழுந்து கோட்டை நொறுங்கிப்போச்சு.

இப்பதான் பேரனோட கேள்விக்கு வர்றோம். போர் முடிஞ்சு ஊர் இத்தாலிகிட்ட வந்தாச்சு. 1934-லேர்ந்து 1937 வரைக்கும், முசோலினி காலம், கோட்டையைத் திருப்பிக் கட்டறாங்க. எப்படிக் கட்டணும்? போருக்கு முந்தி இருந்த வெள்ளைக் கட்டடமாவே கட்டியிருக்கலாம். அப்படிக் கட்டல. அந்தப் பூச்சையும் ஆஸ்திரியா காலத்து வேலையையும் தூக்கிப் போட்டுட்டு, கல்லு தெரியற மாதிரி, மதில் மேல பல்லு பல்லா வெச்சு, "இடைக்காலத்துல இப்படித்தான் இருந்திருக்கும்"னு கட்டினாங்க. வீட்ல தாத்தாவோட பழைய படத்தைப் பெருசாக்கக் கொடுத்தா, ஸ்டுடியோக்காரர் மீசையை அடர்த்தியாக்கி, கோட்டு மாட்டிவிட்டுக் கொடுப்பார் பாருங்க, அந்த மாதிரி. ஆளு தாத்தாதான். ஆனா அந்தக் கோட்டு தாத்தா போட்டதே இல்ல.

ஏன் செஞ்சாங்கங்கறதுக்கு என் கணிப்பு இது: புதுசா கைக்கு வந்த எல்லை ஊர்ல, நானூறு வருஷ ஆஸ்திரியா கண்ணுல படக்கூடாது. நேரா 1500-க்கு முன்னாடி குதிச்சுட்டா நடுவுல இருந்தது மறைஞ்சிடும். இதுல வேடிக்கை என்னன்னா, அந்த இடைக்காலப் பிரபுக்களும் ஜெர்மன் பேசின ஆளுங்கதான்! யாரை மறைக்கணும்னு நினைச்சாங்களோ, அவங்களோட பங்காளிங்களை நடுக்கூடத்துல கொண்டுவந்து உக்கார வெச்சிட்டாங்க.

உள்ள நுழையறப்போ வாசல் மேல ஒரு சிங்கம் இருந்துச்சே, இறக்கையோட, கவனிச்சீங்களா? வெனிஸோட சின்னமான செயின்ட் மார்க் சிங்கம். அதைப் பார்க்கிற எவனும் என்ன நினைப்பான்? ஓ, இது வெனிஸ் ஆண்ட கோட்டைன்னு நினைப்பான். ஆண்டது எவ்வளவு நாள்? 1508, 1509. அவ்வளவுதான். அந்தச் சிங்கம் வாசல் மேல ஏறின வருஷம் 1919. இத்தாலி வந்த உடனே செஞ்ச வேலை. எந்த வருஷத்துப் பழசுன்னு கேளுங்கன்னு நான் ஏன் அடிச்சிக்கிறேன்னு இப்பப் புரியுதா?

அதுக்காக காசு தண்டம்னு சொல்ல மாட்டேன்மா. உள்ள இடைக்கால அருங்காட்சியகம் இருக்கு, சரிதான், ஒரு தடவை பாக்கலாம். எனக்கு அதைவிடக் கோட்டைக்கு வெளிய இருக்கிற முதல் உலகப்போர் அருங்காட்சியகம் பிடிக்கும். அப்புறம் லியோபோல்டு வாசல்னு ஒன்னு, 1660-ல பேரரசர் லியோபோல்டு ஊருக்கு வந்ததுக்காகக் கட்டினது. அது நிஜமாவே 1660. வருஷத்தை ஒளிக்காத கட்டடம், அதனாலயே எனக்கு அதுமேல ஒரு மரியாதை.

ஆனா அம்மா, உண்மையைச் சொல்லட்டா? நீங்க இன்னொரு கேள்வி கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். மதில் மேல நின்னு பார்த்தப்போ, "எல்லை எங்க இருக்கு, எனக்குத் தெரியவே இல்லையே?"ன்னு கேட்டிருக்கணும். யாரும் கேக்க மாட்டேங்கறீங்க!

நான் போனப்போ மதில் மேல ரொம்ப நேரம் அதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கீழ ஒரே ஊரா தெரியும். பழைய ஓட்டு வீடு, சர்ச் கோபுரம், கொஞ்சம் தள்ளி அடுக்குமாடிக் கட்டடங்க. அந்த அடுக்குமாடி இருக்கிறது ஸ்லோவேனியா, நோவா கோரிட்சா. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் 1947 செப்டம்பர்ல எல்லைக் கோடு கிழிச்சப்போ கோட்டையும் பழைய ஊரும் இத்தாலிக்கு, ஒரு ரயில்வே ஸ்டேஷனும் சுத்துவட்டார கிராமங்களும் யூகோஸ்லாவியாவுக்கு (ஸ்லோவேனியா அப்போ அதுல ஒரு பகுதி). ஊர் இந்தப் பக்கம் நின்னுபோச்சு, அந்தப் பக்கத்துக்கு ஊரே இல்ல. சரி, நாமளே ஒன்னு கட்டிக்கிறோம்னு 1948-ல புதுசா கட்ட ஆரம்பிச்ச ஊர் அது. வடக்கே சபோட்டின் மலைச்சரிவுல கல்லு அடுக்கி, யூகோஸ்லாவியத் தலைவர் பேரைப் போட்டு "எங்கள் டிட்டோ"ன்னு ஸ்லோவேனிய மொழியில எழுதி வெச்சாங்க, இத்தாலிக்காரங்க கண்ணுல படற மாதிரி! இந்தப் பக்கம் சிங்கம், அந்தப் பக்கம் டிட்டோ.

கோடு போனது எதைப் பத்தியும் யோசிக்காம போச்சு. பக்கத்துல மிரென் கிராமத்துல சுடுகாட்டுக்குள்ளயே போச்சு, கல்லறைங்களுக்கு நடுவுல முள்வேலி. பிரான்ஸ் ராஜா பத்தாம் சார்லஸ், பதவி போய் ஊர் ஊரா அலைஞ்சு, 1836-ல இங்க வந்து காலரால செத்தார். செத்த மாளிகை இன்னைக்கு இத்தாலியில. புதைச்ச கோஸ்தான்யெவிட்சா மடம் இன்னைக்கு ஸ்லோவேனியாவுல. பொணம் இன்னைக்கும் அந்த மடத்துலதான் இருக்கு, நாடுதான் மாறிக்கிட்டே இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, துடைப்பக் கதை. முன்னாடியே சொல்லியிருக்கேன், பரவாயில்ல, புதுசா வந்தவங்களுக்காக. 1950 ஆகஸ்டு 13, ஞாயித்துக்கிழமை. மூணு வருஷமா சொந்தபந்தத்தைப் பார்க்காத ஜனங்க யூகோஸ்லாவியா பக்கத்துலேர்ந்து எல்லைச் சாவடிக்கு வந்து கூடறாங்க. இந்தப் பக்கமும் கூட்டம். ஒரு கட்டத்துல காவலையெல்லாம் மீறி அந்தக் கூட்டம் ஊருக்குள்ள வந்துடுச்சு. துப்பாக்கிச் சூடு இல்ல, ஒன்னும் இல்ல. கட்டிப்புடிச்சு அழுதாங்க, அப்புறம் நேரா கடைக்குப் போனாங்க! கடைக்காரங்களும் ஞாயித்துக்கிழமைன்னு பார்க்காம கடையைத் திறந்தாங்க. அவங்க அதிகமா வாங்கினது என்ன தெரியுமா, துடைப்பம். அங்க துடைப்பத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. சாயங்காலம் துடைப்பத்தைத் தோள்ல சாத்திக்கிட்டு வரிசையா வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க. இன்னைக்கும் அந்த ஊர்ல அதுக்குத் துடைப்ப ஞாயிறுன்னுதான் பேரு. இதையெல்லாம் விட்டுட்டு கத்தி கேடயத்தையே பார்த்துட்டு இறங்கி வந்தா எப்படி?

அதனால அடுத்த தடவை போறவங்க கோட்டையை விட்டு இறங்கி ட்ரான்ஸால்பினா சதுக்கத்துக்கு நடந்தே போங்க. 1906-ல திறந்த ரயில்வே ஸ்டேஷன், அதுக்கு முன்னாடி தரையில ஒரு வட்டம். அதுதான் எல்லை. 2004 வரைக்கும் வேலி இருந்த இடம். 2007 டிசம்பர்ல ஸ்லோவேனியா ஷெங்கனுக்குள்ள, அதாவது எல்லைச் சோதனை இல்லாம போய் வர்ற ஐரோப்பிய நாடுகள் கூட்டுக்குள்ள, வந்ததும் சோதனையும் போச்சு. 2020-ல கொரோனா வந்தப்போ அதே இடத்துல திரும்ப வேலி போட்டாங்க, ஜூன்ல எடுத்தாங்க. 2025-ல ரெண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாவும் இருந்துச்சு.

விசா பத்தி நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. ஷெங்கன் விசா ஒன்னு போதும், ரெண்டு பக்கத்துக்கும் செல்லும். ஆனா 2023 அக்டோபர்ல இத்தாலி இந்த எல்லையில மறுபடி சோதனையை ஆரம்பிச்சுது. எல்லாரையும் நிறுத்த மாட்டாங்க, இருந்தாலும் பாஸ்போர்ட்டை ஓட்டல் ரூம்ல வெச்சுட்டு, கோடு தாண்டி காப்பி குடிக்கப் போகாதீங்க.