பேஸ்மென்ட் குளிருக்கு அட்டிக்கில் மருந்து

அன்பான உறவுகளே, வணக்கம். கனடாவின் ரொறொன்ரோ நகரத்தில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்டில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், நின்று பேசுகிறேன். வெளியே மைனஸ் 18 பாகை. காற்றும் பலமாக வீசுகிறது. குளிர் எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று தேடுவதற்கு இதைவிட ஏற்ற நாள் கிடைக்காது. இங்கே வாடகைக்கு இருக்கும் தம்பி, கல்லூரியில் படிக்க வந்தவர், தம் மேசையைச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி அறையின் நடுவே போட்டிருக்கிறார். காரணம் கேட்டபோது, சுவரோரம் இருந்தால் கால் விறைக்கிறது என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

என் கையில் இருப்பது சுவாமிப் படத்துக்கு முன் கொளுத்தும் சாதாரண ஊதுபத்தி. கொங்கிறீற் அத்திவாரம் முடிந்து, அதன்மேல் தரைச் சட்டங்கள் வந்து உட்காரும் இந்த விளிம்புக்கு அதைக் கொண்டுபோகிறேன். கமராவை அருகில் வைக்கிறேன், பாருங்கள். புகை ஒரு சாண்கூட எழவில்லை; உடனே மடங்கி என் முகத்தை நோக்கி ஓடுகிறது. இந்த விரிசலுக்குள் ஒரு காசுகூட நுழையாது. ஆனால் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் இதே விரிசல் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தை இப்படியான ஒரு பேஸ்மென்டில்தான் கழித்தோம். அம்மா பழைய சேலைகளைச் சுருட்டிக் கதவடியில் வைத்தார். யன்னல் முழுவதற்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். அப்படியும் குளிர் குறையவில்லை. கீழே குளிர்கிறது என்று சொன்னால், வீட்டுக்காரர் பாவம், ஹீட்டிங்கை இன்னும் இரண்டு பாகை கூட்டிவிடுவார். மேல்மாடி புழுங்கும், எங்கள் காலடியில் காற்று முன்னைவிட வேகமாக ஓடும். அது ஏன் என்று எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

குளிர்காலத்தில் வீடு ஒரு புகைபோக்கியைப் போல வேலை செய்கிறது. சூடான காற்று எடை குறைந்தது என்பதால் மேலே ஏறி, கூரைக்குக் கீழே கிடைக்கும் சந்துபொந்துகள் வழியாக வெளியேறுகிறது; வெளியேறிய அளவுக்கு ஈடாகக் குளிர்ந்த காற்று கீழே உள்ள விரிசல்கள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. இதைப் பொறியியலில் ஸ்டாக் எஃபெக்ட் என்பார்கள். உள்ளுக்கும் வெளியுக்கும் வெப்ப வேறுபாடு கூடக்கூட இழுப்பும் கூடும். ஆகவே பேஸ்மென்டில் இருப்பவரின் காலைக் குளிரவைப்பது, அவர் ஒருபோதும் ஏறிப் பார்த்திராத அட்டிக்கின், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணின், ஓட்டைதான். கீழே எவ்வளவு துணி அடைத்தாலும், மேலே திறந்திருக்கும் வரை காற்று வேறொரு சந்தைத் தேடிக்கொண்டு வரும். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனெனில் அட்டிக்குக்கு ஏறி அதை அடைப்பது பெரும்பாலும் வாடகைக்காரரால் முடியாது.

இப்போது திரையில் வருவது கடந்த சனிக்கிழமை எடுத்த படம். அட்டிக் மூடியின் ஓரத்தில் பத்தியைப் பிடித்ததும், யாரோ உறிஞ்சுவதைப் போலப் புகை சந்துக்குள் மறைகிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், கூரைப் பலகையில் இறங்கியிருக்கும் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் வெண்பனி பூத்திருந்தது. நாம் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் எழும் ஈரம், கசியும் காற்றோடு மேலே போய் அங்கே உறைந்திருக்கிறது. வெயில் ஏறும் நாளில் அது உருகிச் சொட்டும்போது கூரை ஒழுகுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

மூடி உட்காரும் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். மூடி இறுக்கமாக அழுந்துவதற்கு இரண்டு கொக்கிகள் பூட்டினேன். அதன் மேல்முதுகில் தடித்த ஃபோம் பலகையை வைத்தேன். கழிவுநீர்க் குழாயும் மின்வயர்களும் கூரைக்குள் நுழையும் இடங்களையும் அடைத்தேன். ஓர் எச்சரிக்கை: 1990க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் அட்டிக்கில், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், சிறுகற்களைப் போல மின்னும் துகள்கள் கொட்டியிருந்தால், அது குளிரைத் தடுக்கக் கொட்டும் வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம், அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இழைகள் கலந்திருக்க வாய்ப்புண்டு. கையால் கிளறாமல் இறங்கிவிடுங்கள். பரிசோதித்த பின்பே எதையும் தொட வேண்டும்.

அட்டிக் முடிந்த அன்றே, பேஸ்மென்டின் இந்த விளிம்பில் எதையும் அடைக்காமல் மீண்டும் பத்தியைப் பிடித்துப் பார்த்தேன். புகையின் சாய்வு குறைந்திருந்தது. காற்றின் வேகம் மணிக்கு மணி மாறும் என்பதால் இதை ஓர் அளவீடாக நான் சொல்லவில்லை. சரியான அளவு வேண்டுமானால், வீடுகளின் ஆற்றல் பயன்பாட்டை அளக்கும் எனர்கைட் திட்டத்தின் மதிப்பீட்டாளர் வந்து வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளியுக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கிக் கசிவைக் கணக்கிடுவார்.

இனி இந்த விளிம்புக்கு வருவோம். இதைக் கட்டடத் தொழிலாளர்கள் ரிம் ஜாய்ஸ்ட் என்கிறார்கள். முன்பு இருந்தவர்கள் இங்கே இளஞ்சிவப்புக் கண்ணாடிக் கம்பளியைத் திணித்திருந்தார்கள். இதோ, ஒரு துண்டை இழுக்கிறேன்: முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் கரிபிடித்தது போலக் கறுப்பு. இது பூஞ்சணம் அல்ல, தூசி. கம்பளி காற்றைத் தடுக்கவில்லை, வடிகட்டி உள்ளே அனுப்பியிருக்கிறது. கறுத்திருக்கும் இடமெல்லாம் காற்று வரும் இடம். அதுவே நமக்கு வழிகாட்டி. ஃபோம் பலகையை ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் அரை அங்குலம் சிறிதாக வெட்டிப் பொருத்தி, நான்கு ஓரங்களிலும் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கிறேன். ஃபோம் தீப்பற்றக் கூடியது. திறந்தபடி விடாமல், கட்டட விதிப்படி ட்ரைவால் எனும் ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பால் அதை மூட வேண்டும்.

பக்கவாசற் கதவுக்கு வருகிறேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுக்கிறேன்; தடையின்றி வந்துவிட்டது. கதவோரத்து ரப்பர் பட்டை தட்டையாகிவிட்டது என்பதே பொருள், மாற்றினால் போதும். கதவடியில் வெளிச்சம் தெரிந்தால், புதுப் பட்டை வாங்கும் முன் அடிப்படியைக் கவனியுங்கள்: பல கதவுகளில் அந்தப் படியிலேயே நான்கைந்து திருகாணிகள் இருக்கும், அவற்றைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் படி உயர்ந்து கதவைத் தொடும். யன்னல்களுக்கு, முடியுலர்த்தியால் சூடேற்றி இறுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒரு குளிர்காலத்துக்கு நன்றாகவே உழைக்கும். யன்னல் சட்டத்தின் வெளிப்புற அடியில் உள்ள சிறுதுளைகள் நீர் வடிவதற்கானவை. அவற்றை அடைக்கக் கூடாது.

அடைக்கவே கூடாத இன்னொன்று இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் அருகே, வெளியிலிருந்து வரும் இந்த நெளிகுழாயைப் பாருங்கள். இதன் வாயில் கையை வைத்தால் குளிர் சுரீரென்று ஏறும். எங்கள் பழைய பேஸ்மென்டில் அப்பா இதற்குள் ஒரு துவாயைத் திணித்துவிட்டார். பிள்ளைகளுக்குக் குளிரக்கூடாது என்ற எண்ணம் மட்டுமே அவரிடம் இருந்தது. ஃபேர்னஸைப் பார்க்க வந்த தொழில்நுட்பர் அதை உருவி எடுத்து, இது எரிவாயு எரிவதற்கான காற்று, இதை மூடினால் நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பும் என்றார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தின் நால்வர் கார்பன் மொனொக்சைட்டுக்குப் பலியானார்கள். அவர்களின் பெயரால் 2013இல் வந்த ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம்தான் வீடுகளில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. வீட்டை இறுக்கமாக அடைக்கும் எவரும் கருவியின் பொத்தானை அழுத்தி, அது ஒலிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாலை நான்கரை ஆகிவிட்டது. தம்பியின் அறைச் சுவர் முழுவதும் முடிந்தது. வயர் நுழையும் ஓர் ஓட்டை மட்டும் மீதி இருந்தது, அதையும் அடைத்துவிட்டேன். காலையில் பிடித்த அதே இடத்தில் மீண்டும் பத்தியைப் பிடிக்கிறேன். புகை நேராக எழுந்து, சட்டத்தைத் தொட்ட பின்தான் பிரிகிறது. அவர் வகுப்பு முடிந்து வந்ததும், மேசையை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானுமாகப் பிடித்துச் சுவரோரம் போடப் போகிறோம்.