லபோர்த்: வாசல் பக்கத்து வீட்டுக்காரங்க

வணக்கம் நேயர்களே. இன்னிக்கு ஒரே ஒரு பிரெஞ்சு குடும்பப் பேரப் பத்தி மட்டும் பேசப்போறேன், லபோர்த். புதுச்சேரிக்காரங்களுக்கு கேட்ட பேராத்தான் இருக்கும்.

நம்ம தெருவுல நாலு முருகன் இருந்தா என்ன பண்றோம், ரேஷன் கடை முக்கு முருகன்னு ஒருத்தர தனியா சொல்றோம்ல? சுமார் 11ஆம் நூற்றாண்டுலேர்ந்து பிரான்ஸ்லயும் அதே கததான், ஊரெல்லாம் ஒரே பியேர், ஒரே ழான், அதனால ஊர் வாசல் பக்கத்துல குடியிருந்தவரு ‘வாசலு’ன்னு ஆயிட்டாரு, லா போர்த்துன்னா வாசல், அவ்ளோதான். மதில் இருந்த ஊருக்கெல்லாம் வாசல் இருந்துச்சு, அப்போ லபோர்த்தும் பல ஊர்ல தனித்தனியா முளைச்ச பேரு, ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே கிடையாது. இத நான் எங்க போனாலும் சொல்லுவேன், பேரு ஒண்ணா இருக்கறதால ரத்தம் ஒண்ணாயிடாது.

1539ல பிரான்சுவா ராஜா போட்ட சட்டத்தால பாதிரியாருங்க ஞானஸ்நான பதிவேடு எழுத ஆரம்பிச்சாங்க, பேரு பரம்பரையா ஒட்டிக்க அது பெரிய காரணம். 1794ல பிறப்புப் பதிவுல இருக்கற பேரத் தவிர வேற எதுவும் வச்சிக்கக்கூடாதுன்னு புரட்சி அரசு சட்டமே போட்டுது.

சரி, இப்போ நம்ம ஆளு கதைக்கு வரேன், இதுக்குத்தான் நான் வந்ததே. பொன்னுத்தம்பி பிள்ளைன்னு புதுச்சேரில ஒரு வக்கீல். 1873ல பூட்ஸ் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்கு போனாரு, வெள்ளக்கார வக்கீலுங்க போடறதுதான், ஆனா இந்தியருன்னா வெறுங்கால்லதான் வரணும்னு இவர மட்டும் தடுத்துட்டாங்க. வேற யாராவதா இருந்தா கழட்டி வெளில விட்டுட்டு போயிருப்பாங்க, இவரு விடல, பாரீஸ்ல இருக்கற உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சாரு, யோசிச்சுப் பாருங்க, ஒரு ஜோடி பூட்ஸுக்கு கடல் தாண்டி கேஸு! அப்புறம் 1881 செப்டம்பர் 21ல ஒரு ஆணை வந்துது, இந்தியர் விருப்பப்பட்டா மதம், சாதி வழக்கப்படி வர்ற தன்னோட தனிச்சட்டத்த துறந்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம், ஆனா ஒரு குடும்பப் பேரு வச்சிக்கணும், பின்னாடி மாத்திக்க முடியாது. அதுல முன்னாடி நின்னவரு நம்ம பொன்னுத்தம்பிதான், அவரு எடுத்துக்கிட்ட பேரு லபோர்த். எவ்வளவோ பேரு இருக்க, வாசல். பூட்ஸோட உள்ள விடாத வாசல நினைச்சு எடுத்தாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தோணும். பிரான்ஸ்ல இருக்கற லபோர்த்துங்களுக்கு அப்பன் பாட்டன் குடுத்த பேரு, இவருக்கு இவரே குடுத்துக்கிட்டது. திரும்பச் சொல்றேன், ரத்தம் வேற.

ஆங், டைம் ஆவுதுன்னு கை காட்டுறாங்க. லபோர்த்துங்க எங்கெங்க இருக்காங்கன்னும் சொல்லணும்னு இருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். இன்ஸேன்னு பிரான்ஸோட புள்ளியியல் ஆபீஸ் பேரு வாரியா பிறப்புக் கணக்கு வச்சிருக்கு, 1891லேர்ந்து. அதுல லபோர்த்துங்க தென்மேற்கு பக்கம்தான் நெருக்கமா இருக்காங்க, ஃபுட்பால்காரர் எமெரிக் லபோர்த் பிறந்த அழான் ஊரும் அங்கதான். வடக்குல, நார்மண்டி பக்கம் போனா அதே வாசல் தெலபோர்த் ஆயிடும், கத்தலான் மொழில லபோர்த்தா, பார்சிலோனா கிளப் தலைவர் பேரு ஞாபகம் வருதா? அப்புறம் 2022 ஜூலைலேர்ந்து பிரான்ஸ்ல 18 வயசு ஆன யாரும் அப்பா பேருக்கு பதிலா அம்மா பேர ஒரு மனு போட்டே எடுத்துக்கலாம், அதப் பத்தி பேச இன்னும் அரை மணி நேரம் வேணும், இங்க அரை நிமிஷம்கூட இல்ல. வணக்கம்.