எந்தக் காயம்?

வணக்கம் உறவுகளே. வழக்கம்போல திருகோணமலை டச் பே கடற்கரை. சத்தம் தெளிவாக வருகிறதா? போன வீடியோவில் கச்சான் காற்று இரைந்து, நான் கதைத்ததில் பாதி விளங்கவில்லை. மைக்குக்கு மாட்டப் பஞ்சு உறை தேடினேன். விரல்நுனி அளவு பஞ்சு, முதல் கடையில் 900 ரூபா! அடுத்த தெருவில் 450. மிச்சம் பிடித்த காசை நினைத்தே இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

சரி, இன்றைய கோபம். மூச்சைக் கவனிக்கும் தியானத்தைப் புத்தர் படிப்படியாகச் சொல்லும் ஆனாபானசதி சூத்திரத்துக்கு ஒரு தமிழ்க் கையேடு கிடைத்தது. மூன்றாம் படியில் ‘காயம் முழுவதையும் உணர்ந்து மூச்சு விடு’ என்று கிடக்கிறது. சத்தமாக வாசித்தேன். குசினிக்குள் இருந்து அம்மம்மா, “எங்கேடா காயம்? மருந்து போட்டாயா?” என்கிறா.

பாளி மூலத்தில் அது ‘சப்பகாய’. சப்ப என்றால் முழு, காய என்றால் உடல். போன வீடியோவில் நானே உச்சி முதல் உள்ளங்கால் வரை என்று அடித்துச் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். பாளியில் காய என்றால் உடல் மட்டுமல்ல, கூட்டம், தொகுதி என்றும் பொருள். சியாம் நிகாய, அமரபுர நிகாய என்று பிக்குமார் பிரிவுகளைச் செய்தியில் கேட்கிறோமே, அதற்குள் இருப்பதும் அந்தக் காயதான். இதே சூத்திரத்திலேயே புத்தர் மூச்சை உடல்களில் ஓர் உடல் என்கிறார். 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற பெரிய தியான நூலை எழுதிய புத்தகோசர், மூச்சின் தொடக்கம், நடு, முடிவு எல்லாவற்றையும் உணர்வதுதான் இது என்கிறார். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. முதல் இரண்டு படி நீள மூச்சு, குறு மூச்சு. நாலாவது காயசங்காரத்தை, அதாவது உடலோடு கட்டுண்ட இயக்கத்தை, தணிப்பது; அதுவும் மூச்சுத்தான் என்று தம்மதின்னா பிக்குணி சூளவேதல்ல சூத்திரத்தில் விளக்குகிறார். நடுவில் மட்டும் குதிக்கால் எதற்கு? முழு உடல் என்று கற்பிக்கும் ஆசிரியர்களும் நிறைய. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு அடிக்குறிப்புக்கூடப் போடாமல் ‘காயம்’ என்று விட்டுப் போனார்களே, அதுதான் எரிச்சல்.

ஐயோ, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சூத்திரத்தில் மூச்சுக்கு வரும் ‘அஸ்ஸாச’ என்ற பாளிச் சொல் உள்மூச்சா வெளிமூச்சா என்பதிலேயே பழைய உரைகள் முட்டிக்கொள்கின்றன. பிக்குகளின் ஒழுக்க விதிகளான வினயத்தின் உரையில் வெளிமூச்சு, சூத்திர உரைகளில் உள்மூச்சு. நம்முடைய ‘ஆசுவாசம்’ அந்தச் சொல்லுக்குச் சொந்தம். வெயிலில் வந்து திண்ணையில் குந்தி ஆசுவாசப்படும்போது முதலில் ‘அப்பாடா’ என்று வெளியே தானே விடுகிறோம்? என் வாக்கு வினய உரைக்கு.

அடுத்த வீடியோ திருகோணமலைக்குப் பக்கத்துப் பெரியகுளம் வெல்கம் விகாரையில். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். கொடை சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே இருந்த தமிழ்ப் பௌத்தர்கள் இந்தக் காயத்தைத் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பார்களோ, அதைத்தான்... பொறுங்கோ, பொறுங்கோ, பஞ்சு பறக்கிறது! 450 ரூபா!