ஆலய நூலகத்தில் கேசட்டுகளும் சிடிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர்க் கிறிஸ்தவக் கோவில்கள் பலவற்றில், போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைப் பீரோவில் ஒரு பை நிறைய கேசட் கிடக்கும். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைச் செய்தி, கன்வென்ஷன் கூட்டம், மாற்றலாகிப் போன போதகர் ஐயரவர்களின் கடைசி ஆராதனை. நூலகப் பொறுப்பை ஏற்பவர்கள் உடனே, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி தசம எண்ணைத் தேடுகிறார்கள். புத்தகத்துக்கு அது சரி. பிரசங்கத்துக்கு 252, ஞானப்பாட்டுக்கு 782.27. கேசட்டுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. முக்கால்வாசி 252-இலேயே வந்து குவியும். ஏ பக்கம் பிரசங்கம், பி பக்கம் பாடகர் குழு என்றால் எந்த எண்ணைப் போடுவீர்கள்?

தட்டில் வரிசை எண் மட்டும் போதும். கேசட்டுக்கு கே 1, கே 2. சிடிக்கு சி 1, சி 2. இரண்டுக்கும் தனித்தனித் தட்டு. புதிதாக வருவது கடைசியில் போய் நிற்கும்.

உழைப்பெல்லாம் பதிவேட்டில்தான். கேட்டு வருகிறவர் எண்ணையா சொல்வார்? "எங்க அப்பா அடக்கத்தன்னிக்கு ஐயர் லாசருவைப் பத்திப் பேசினாரே, அது இருக்கா?" என்பார். ஆகவே பேசியவர், தேதி, என்ன ஆராதனை, எந்த வேதபகுதி என்ற நான்கும் வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது வேதாகமப் புத்தகங்களை அகரவரிசைப்படி அடுக்கி அப்போஸ்தலரை ஆதியாகமத்துக்கு முன்னால் நிறுத்திவிடும். 01 ஆதியாகமம், 43 யோவான் என்று எண்ணோடு எழுதுங்கள். வேதாகம வரிசை கலையாது. கீர்த்தனைக்குப் பல்லவியின் முதலடியே தலைப்பு. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பாடல்களைக்கூட முதலடி சொல்லித்தான் கேட்பார்கள்.

எண்ணை டப்பாவில் மட்டுமல்ல, கேசட்டின் மேலும் எழுதுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஒருமுறை போய்வந்தால் டப்பா மாறியிருக்கும். செல்லோடேப் வேண்டாம், பசை கசியும். சிடியில் ஸ்டிக்கர் ஒட்டாமல் நடு வளையத்தில் மார்க்கரால் எழுதுங்கள்.

கேசட்டை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிவாகாது. நம் கோவில்களில் ஸ்பீக்கர் பெட்டிக்கும் கேசட்டுக்கும் பெரும்பாலும் ஒரே பீரோதான்! ஸ்பீக்கர் காந்தம் நாடாவுக்கு ஆகாது. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததைப் பிளேயரில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

கம்ப்யூட்டரில் பிரதி எடுக்கும்போது 120 நிமிடக் கேசட்டுகளை முதலில் எடுங்கள். அந்த நாடா மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். கம்ப்யூட்டர் ஃபைலுக்கும் அதே கே எண்ணை வையுங்கள். இரவல் கொடுப்பது பிரதியை மட்டும்.

பெயரே எழுதாத கேசட்டுகள் கடைசியில் மிஞ்சும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கப் காபி கொடுத்து, அந்தக் கேசட்டுகளை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். குரலைக் கேட்டதும் எந்த ஐயர் என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். ஆண்டு விஷயத்தில் மட்டும் சண்டை வரும். அப்போது இரண்டு ஆண்டையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.